முதல் ஊசியும் அடுத்த ஊசியும்

1922 ஜனவரி 11 அன்று டொரன்டோ பொது மருத்துவமனையின் இலவச வார்டில், நீரிழிவால் நலிந்த லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு மாட்டுக் கணையத்திலிருந்து வடித்தெடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார்கள். பையனின் எடை 30 கிலோகூட இல்லை. டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பான்டிங்கும் பெஸ்ட்டும் தயாரித்த அந்தச் சாற்றில், அதாவது இன்சுலினின் முதல் வடிவில், கசடு மிகுதி. சர்க்கரை கொஞ்சம் இறங்கியது. ஊசி போட்ட இடத்தில் கட்டி கிளம்பியது. அவர்களோடு சேர்ந்த வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் சுத்திகரித்த சாற்றை 23ஆம் தேதி தொடங்கிக் கொடுத்த பிறகே பையன் தேறினான்.

அந்த முதல் ஊசியைக் குற்றம் சொல்வது கடினம். நீரிழிவு கண்ட பிள்ளைக்கு அன்றிருந்த வைத்தியம் அமெரிக்க மருத்துவர் ஃபிரடெரிக் ஆலன் வகுத்த பட்டினி உணவுமுறை. அது சாவைத் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான். தகப்பனாரும் சம்மதித்திருந்தார். ஆனாலும் அரைகுறை மருந்தின் ஆபத்தைச் சுமந்தது, காசு கொடுத்து வைத்தியம் பார்க்க வழியில்லாத வீட்டுப் பிள்ளை.

மருந்து பலிக்கிறது என்று தெரிந்த பின் நடந்தது வேறு. அந்த வசந்தத்தில் காலிப்புக்கே பழைய பக்குவம் கைகூடாமல் உற்பத்தி நின்றுபோனது. செய்தியோ பத்திரிகைகளில் பரவிவிட்டது. பெற்றோரின் கடிதங்கள் டொரன்டோவுக்கு வந்துகொண்டேயிருந்தன. ஜூலையில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் சார்லஸ் எவான்ஸ் ஹியூஸின் மனைவி, தம் மகள் எலிசபெத்துக்காக எழுதினார். பான்டிங் முதலில் கைவிரித்தார், ஆகஸ்டில் ஏற்றுக்கொண்டார். 20 கிலோ எடையோடு வந்த அந்தப் பெண் 73 வயதுவரை வாழ்ந்தார்.

சாகக் கிடந்த பிள்ளையைக் காப்பாற்றியதைத் தவறென்று சொல்லக் கூடாது. பெரிய வீட்டில் பிறந்தது எலிசபெத்தின் குற்றமுமல்ல. தவறு, தேர்வு நடந்த விதத்தில் இருக்கிறது. நிலை மோசமானவருக்கு முதலிலா, பிழைக்க வாய்ப்புள்ளவருக்கா, முன்னே கேட்டவருக்கா? எந்த விதியைக் கொண்டாலும் யாரோ ஒரு பிள்ளை விடுபட்டுப் போகும். ஆனால் விதி என்று ஒன்று இருந்தால், மறுக்கப்பட்ட தாய்க்குச் சொல்லப் பதிலாவது இருக்கும். அது இல்லாத இடத்தில், மருத்துவர் எவ்வளவு நேர்மையானவரானாலும், கடிதத்தின் அடியில் இருக்கும் பெயருக்குக் கனம் கூடிவிடும்.

கண்முன் இருக்கும் நோயாளிக்கே மருத்துவர் கடமைப்பட்டவர் என்று வாதிடலாம். கண்முன் வந்து நிற்பதற்கே டொரன்டோவுக்குப் பயணப்பட்டு, அங்கே வீடெடுத்து, தாதியோடு மாதக்கணக்கில் தங்கும் வசதி வேண்டியிருந்ததே!

இவர்கள் பணத்தாசை பிடித்தவர்கள் அல்லர். பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் காப்புரிமையை ஆளுக்கு 1 டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தவர்கள். அவ்வளவு நல்ல மனம் இருந்தும் பங்கீடு நியாயமாகவில்லை என்பதுதான் இங்கே வலிக்கிறது. பல்கலைக்கழகத்தின் இன்சுலின் குழு, தேர்ந்த மருத்துவர்கள் சிலரிடம் மருந்தை ஒப்படைக்கத் தொடங்கியபோது, முடிவு ஒரே மனிதரின் கையைவிட்டு விலகியது, அது முன்னேற்றம்தான். ஆனால் அவர்களும் ஆலன், பாஸ்டனின் ஜாஸ்லின் போன்ற பேர்பெற்றவர்கள். அவர்களுடைய வாசலை எட்ட முடியாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, எலை லில்லி மருந்து நிறுவனத்தின் ஆலையில் உற்பத்தி பெருகி 1923இல் மருந்து விற்பனைக்கு வரும்வரை, எந்த வரிசையிலும் இடமில்லை.