எரிமலைக் குழம்பும் அயலூரும்



இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போகிறவர்கள் ஒருநாட் பயணமாக எற்னா எரிமலையையும் பார்த்து வருவது வழக்கம். காலையில் கத்தானியா நகரில் பஸ் ஏறினால், நிக்கொலோசி என்னும் ஊரைக் கடந்து, ஏறத்தாழ 1900 மீற்றர் உயரத்திலுள்ள தங்குமடத்தை அடையலாம். அங்கிருந்து 2500 மீற்றர் வரை கம்பியிலே தொங்கிச் செல்லும் வண்டி உண்டு. அதற்கு மேலே வழிகாட்டியின் சொற்கேட்டுத்தான் நடக்க வேண்டும். 1979 செப்டெம்பரில் உச்சியருகே நிகழ்ந்த வெடிப்பொன்றில், பார்க்கச் சென்ற ஒன்பது பேர் மாண்டனர். 2025 யூன் 2ஆம் திகதி சாம்பல் முகில் பொங்கியெழ, மலையில் நின்றவர்கள் ஓடித் தப்பினார்கள்.

உச்சியில் புகை காண்பதே எல்லோருக்கும் ஆவல். என்னைக் கேட்டால், நிக்கொலோசிக்கு அருகிலுள்ள மொந்தி ரொஸ்ஸி என்னும் செந்நிறக் குன்றுகளையே முதலில் பார்க்கச் சொல்வேன். 1669 மார்ச் 11இல் நிலம் பிளந்து நெருப்புக் குழம்பு பாய்ந்தது அங்கேதான். வழியிலிருந்த ஊர்களை விழுங்கிக்கொண்டு அது கத்தானியாவை நோக்கி வந்தது.

அந்நகர் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டிலே நாம் பெயர் சொல்லும் வேதசாட்சி புனித ஆகத்தாவின் நகர் அது. எரிமலை சீறும்போது அப்புனிதையின் முக்காட்டை ஏந்தி மன்றாடுவது அம்மக்களின் நெடுங்கால வழக்கம்.

மன்றாடியதோடு அவர்கள் நிற்கவில்லை. டியேகோ பப்பலார்தோ என்பவரும் ஏறத்தாழ ஐம்பது பேரும், நனைத்த மாட்டுத்தோலைப் போர்த்துக்கொண்டு, அலவாங்குகளோடு மலையேறினார்கள். குழம்பின் ஓரத்தில் இறுகிநின்ற கரையை உடைத்தார்கள். குழம்பு திரும்பியது. ஆனால் எங்கே? பத்தெர்னோ என்னும் அயலூரை நோக்கி! அவ்வூரார் ஐந்நூறு பேர் ஆயுதங்களோடு வந்து இவர்களைத் துரத்திவிட்டார்கள். உடைப்பு அடைபட்டது. குழம்பு பழைய வழியே வந்து, நகரின் ஒரு பகுதியை மூடிக் கடலில் விழுந்தது.

பப்பலார்தோவைத் தீயவரென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் பிள்ளைகளைக் காக்க நாமும் அதையே செய்திருப்போம். பத்தெர்னோ மக்களைத்தான் குறைசொல்ல முடியுமா? அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

யாக்கோபுவும் யோவானும் சமாரியரின் ஊரொன்றின்மேல் வானத்து நெருப்பை இறக்கலாமா என்று ஆண்டவரைக் கேட்டதை நினைத்துப் பாருங்கள். அவர் அவர்களைக் கடிந்துகொண்டார். நாம் அப்படி வாய்விட்டுக் கேட்பதில்லை. "ஆண்டவரே, இந்த ஆபத்து எங்கள் வீட்டை அணுகாதிருக்கட்டும்" என்று செபமாலையோடு கேட்கிறோம். அது பிழையான செபமன்று. ஆனால் மாரிகாலத்தில் நம் வளவு வெள்ளத்தை இரவோடிரவாகப் பக்கத்து வளவுக்குள் வெட்டிவிட்டு, விடியப் பூசைக்குப் போகிறோமே, அப்போது அந்தச் செபம் என்னவாகிறது? பாவசங்கீர்த்தனத்தில் இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

1992இல் எற்னாவின் குழம்பு சப்பரானா என்னும் ஊரை நெருங்கியது. பொறியியலாளர் முதலில் மண் அணை கட்டினார்கள். ஹெலிகொப்டரிலிருந்து சீமெந்துக் கட்டிகளைப் போட்டார்கள். ஈற்றில், மே மாதக் கடைசியில், வெடிமருந்து வைத்துக் கரையை உடைத்தார்கள். பப்பலார்தோ செய்த அதே வேலைதான். ஆனால் குழம்பு போகவேண்டிய வாய்க்காலை முன்னரே வெட்டி வைத்திருந்தார்கள். மலையின் கிழக்குச் சரிவிலுள்ள பெரும் பள்ளத்திற்குள்ளேயே அதைத் திருப்பிவிட்டார்கள். சப்பரானா தப்பியது. அந்தப் பள்ளத்தில் எவரும் குடியிருக்கவில்லை.