அறியாது செய்த ஹிம்சை

கிருஹஸ்தன் ஒவ்வொருவன் வீட்டிலும் ஐந்து கொலைக்களங்கள் உண்டு என்று மனுஸ்மிருதி சொல்கிறது. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க்குடம் ஆகிய இவ்வைந்தினாலும், கொல்ல வேண்டும் என்ற எண்ணம் சிறிதும் இல்லாத உத்தமனும் நாள்தோறும் சிற்றுயிர்களை மாய்த்துக்கொண்டே இருக்கிறான் என்பதும், அந்தத் தோஷம் நீங்குவதற்காகவே ஐந்து வேள்விகள் அவனுக்கு விதிக்கப்பட்டன என்பதும், அவற்றுள் ஒன்றான பூத யக்ஞத்தின்படி காக்கைக்கும் நாய்க்கும் புழுபூச்சிக்கும் ஒரு பங்கு வைக்காமல் அவன் உண்ணலாகாது என்பதும் அந்நூலின் கருத்து. அதே நூலில் நாம் ஏற்க முடியாதவை பல. ஆயினும் இந்த ஒரு பகுதியை நான் பெரிதும் மதிக்கிறேன். "எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது" என்று கையைக் கழுவிக்கொள்ள அது வழி வைக்கவில்லை. தெரியாமல் செய்தவனைப் பாதகன் என்று தூற்றவும் இல்லை. அன்றாடம் செய்யவேண்டிய ஒரு காரியத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறது.

மனு கண்ட வீடு ஐந்தோடு நின்றது. நம் வீடு நிற்கவில்லை. டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டு, பின்னர் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் எழுப்பிய காலந்தொட்டு, அந்த மரங்களை நம்பி வந்து சேர்ந்த நம்மவர்கள், லயத்தின் பின்புறம் மாட்டுக்கொட்டகையும் வாசலில் ஒரு நாயுமாகவே குடித்தனம் நடத்தினார்கள். லாலாங் புல்லை ஒழிப்பதற்கு அந்நாளில் தோட்டங்களில் அடித்த சோடியம் ஆர்ஸனைட் உப்புக் கரிக்கும். உப்புக்கு ஏங்கும் மாடு மருந்தடித்த புல்லை விலக்கி நடப்பதற்குப் பதிலாக அதையே தேடிப்போய் மேயும். விடியற்காலையில் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, வேலைக்காட்டில் அந்த மருந்தை அடித்தவனும், பொழுது சாயும் வேளையில் கொட்டகையில் சாய்ந்துகிடந்த பசுவைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டவனும் ஒரே மனிதனாக இருந்திருக்கக் கூடும். பின்னால் வந்த பாராகுவாட் என்ற களைக்கொல்லியும் 2020 ஜனவரி முதல் நாள் தொடங்கி மலேசியாவில் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஒன்று மட்டும் சொல்லவேண்டும்: மண்டையோடு வரைந்த டப்பாவில் அடைத்து, ஸ்டோரில் பூட்டி வைத்த அந்த நஞ்சுகள் தம்மை நஞ்சு என்றே சொல்லிக்கொண்டன.

இப்போது நான் எழுதப் புகுந்த வஸ்து அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ஜனங்கள் ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் பக்கத்துத் தாமான்களில் குடியேறிய பின், சில வீடுகளில் பெற்றோர் அறியாமல் மெத்தைக்கடியிலும் துணி அலமாரியிலும் கஞ்சாப் பொட்டலம் புகுந்திருக்கிறது என்பதை மூடிமறைப்பதில் பயன் இல்லை. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவுக்கு இருந்த தடையைத் தளர்த்தியபோது, அதைக் கேக்கிலும் பிஸ்கட்டிலும் மிட்டாயிலும் கலந்து விற்பது அங்கே பெருகிற்று. எல்லை கடந்து போய்வரும் மலேசியர்கள் எதைத் தின்கிறோம் என்று பார்த்துத் தின்னவேண்டும் என அதிகாரிகள் எச்சரிக்கவும் நேர்ந்தது. மனிதன் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்க்கலாம். நாய் மோப்பத்தால் படிக்கிறது. அந்த மோப்பத்துக்கு வெண்ணெயும் சர்க்கரையும் தெரியுமே தவிர, சட்டமும் போதையும் தெரியா. மனிதன் ஒரு துண்டு கிள்ளி வாயில் போடுவதை, அது பொட்டலத்தோடு விழுங்கிவிடுகிறது.

இதன் விளைவை இந்தியாவிலேயே கண்டு எழுதியவர் ஒருவர் உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஓஷாக்னெஸ்ஸி என்ற ஐரிஷ்காரர், 1839இல், நேபாளத்துச் சரஸ் என்ற கஞ்சாப் பிசினைப் பத்து கிரெயின் எடைக்குக் கரைத்து ஒரு நாய்க்குக் கொடுத்துப் பார்த்தார். அரைமணி நேரத்துக்குள் அது மந்தித்து, தூங்கி விழுந்து, திடுக்கிட்டு எழுந்து, பரம திருப்தியோடு வாலை ஆட்டி, கூப்பிட்டால் தள்ளாடித் தள்ளாடி வந்து, ஆறு மணி நேரத்தில் பழையபடி ஆயிற்றாம். பூனை, பன்றி, கழுகு முதலிய மாமிசபட்சிணிகள் மயங்கின என்றும், பசு, ஆடு, குதிரை போன்ற புல் தின்னும் பிராணிகளை அது அவ்வளவாகப் பாதிக்கவில்லை என்றும் அவர் குறித்திருக்கிறார். வேண்டுமென்றே ஊட்டிய அந்த ஹிம்சை தனி விசாரணைக்குரியது. ஆனால் வாலை ஆட்டியது என்ற ஒரு வரியைப் படித்துவிட்டு, "நாய்க்கும் குஷிதானே" என்று சிரிப்பவர்களுக்கு மற்றதையும் சொல்லவேண்டும். நாயின் சிறுமூளையில் இந்த விஷம் பற்றிக்கொள்ளும் இடங்கள் மனிதனுக்கு இருப்பதைவிட மிக நெருக்கம். ஆகவே அது கால்களை அகட்டி வைத்து, நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுகிறது. சிறுநீர் தானாக ஒழுகுகிறது. கையை முகத்தருகே கொண்டுபோனால் அடிபட்டதுபோல் தலையை இழுத்துக்கொள்கிறது. உடல் குளிர்ந்து, நாடி மெலிகிறது. பெரும்பாலும் சாவதில்லை, ஆயினும் பண்டத்தில் சாக்லேட்டோ திராட்சையோ கலந்திருந்தால், அவையே நாய்க்குத் தனி நஞ்சு. தனக்கு என்ன நேர்ந்தது என்பதை அறியாத ஒரு ஜீவன், தான் நிற்கும் தரையையே நம்ப முடியாமல் ஒரு நாள் முழுவதும் நடுங்குவதைக் குஷி என்று பெயரிட எனக்கு மனம் வரவில்லை.

இதில் பாவம் யாரைச் சேரும்? எண்ணமே கர்மம் என்றார்கள் பௌத்தர்கள். தீய எண்ணம் இல்லாதபோது தோஷமும் இல்லை என்று அதைக் கொண்டு வாதிக்கலாம். சமணர்கள் அதோடு விட்டுவிடவில்லை. அஜாக்கிரதையினால் உயிருக்குத் தீங்கு நேர்வதே ஹிம்சை என்று உமாஸ்வாதி தம் தத்துவார்த்த சூத்திரத்தில் இலக்கணம் வகுத்தார். நமக்கு வேண்டிய சொல் அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். திருவாரூர் வீதியில் தேரேறிப் போகையில் ஒரு கன்றைச் சக்கரத்தில் சிக்கவைத்த மனுநீதிச் சோழன் மகனும் அதைக் கொல்ல நினைத்தவன் அல்லன். விதித்த பிராயச்சித்தம் செய்தால் போதும் என்று மந்திரிகள் சொன்னதில் சாஸ்திரக் குற்றமும் இல்லை. மனுநீதிச் சோழன் ஏன் இணங்கவில்லை? சேக்கிழார் அந்த மன்னனுடைய கடமையைச் சொல்லும்போது, உயிர்களுக்கு அச்சம் வரக்கூடிய வழிகளை ஐந்தாக எண்ணுகிறார். பகைவரும் கள்வரும் விலங்கும் அதில் உண்டு. ஆனால் முதலாவதாக அவர் நிறுத்துவது காவலனாகிய தன்னையே, அடுத்தது தன்னைச் சூழ்ந்த பரிசனத்தை. வளர்ப்புப் பிராணிக்கு வீட்டுக்காரனே அரசன். அதை வெளியே கடிக்கும் தெருநாய்க்கும் மோதும் லாரிக்கும் பயந்து கதவைத் தாழிடுகிறோம். அச்சத்தின் முதற்காரணம் தாழ்ப்பாளுக்கு உட்புறத்தில் இருக்கிறது.

மாண்டவ்யர் கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. திருடர் தம் ஆசிரமத்தில் ஒளித்துவைத்த பொருளுக்காகக் கழுவேற்றப்பட்ட அந்த முனிவர், சிறு பிராயத்தில் பூச்சிகளைப் புல்லால் குத்தியதற்குத்தான் இத்தண்டனை என்று தர்மதேவதை சொல்லக் கேட்டு, அதையே சபித்து, பதினான்கு வயதுவரை செய்வது பாவமாகாது என்று வரம்பு கட்டினார். பரம காருண்யமான வரம்பு. என்றாலும் பொட்டலத்தை அலமாரியில் வைக்கும் நம் பிள்ளைகளில் அநேகர் அதைக் கடந்தவர்கள்.

"சிவபெருமானே உகந்த வஸ்து, சாமிக்கே படைக்கிறார்கள்" என்று சமாதானம் சொல்பவர்களும் உண்டு. வடக்கே சிவராத்திரிக்குப் பாங்கு அருந்துவது மெய். இங்கே முனீஸ்வரருக்குச் சுருட்டு ஏற்றுவதும் மெய். ஆலகாலத்தை உண்ட கண்டம் சிவனுடையது. பைரவமூர்த்தியின் காலடியில் நிற்கும் நாய்க்கு அந்தக் கண்டம் இல்லை. சுருட்டும் அப்படியே: சூலத்தடியில் பாதி எரிந்து அவிந்த துண்டை, அதன்மேல் சிந்திய பொரியோடும் கோழிச்சாற்றோடும் சேர்த்து நாய் விழுங்கினால், புகையிலையின் நஞ்சு அதைப் போட்டு உலுக்கிவிடும். பூஜை முடிந்ததும் துண்டுகளைப் பொறுக்கி ஒரு மூடியுள்ள டின்னில் போடும் பூசாரி, பூத யக்ஞத்தின் மந்திரத்தை அறியாமலே அதைச் செய்பவர்.

எஞ்சி நிற்பது சத்தியத்தைப் பற்றிய கேள்வி. இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின்படி கஞ்சாவை வைத்திருப்பதே குற்றம். 200 கிராமை எட்டினால் கடத்தியதாகவே அனுமானிக்கப்படும். 2023இல் கட்டாய மரண தண்டனை நீங்கிய பின்னரும் தூக்கு நீதிபதியின் அதிகாரத்தில் இருந்துகொண்டுதான் இருக்கிறது. இந்தப் பயத்தோடு நாயைத் தூக்கிக்கொண்டு வரும் பையனிடம், "என்ன தம்பி தின்னுச்சு?" என்று கால்நடை மருத்துவர் கேட்டால், "தெரியல டாக்டர், வெளிய ஏதோ செடிய கடிச்சிருக்கும்" என்கிறான். எவருக்கும் தீமை பயக்காத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் வகுத்த இலக்கணத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளவும் அவனால் முடியும்: இந்தப் பொய்யால் யாருக்குத் தீமை? மேசையின்மேல் கிடக்கும் நாய்க்குத்தான். நத்தைக்கு வைக்கும் மருந்தும், எலிக்கு வைக்கும் மருந்தும், மனிதர் விழுங்கும் தூக்க மாத்திரையும் நாயைத் தள்ளாட வைக்கக் கூடியவை; சிகிச்சையோ ஒவ்வொன்றுக்கும் வேறு. தின்ற சற்று நேரத்துக்குள் என்றால் மருத்துவர் வாந்தி எடுக்கச் செய்யலாம். மயக்கம் கவிந்த பின் அதே வாந்தி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மனிதருக்கான சிறுநீர்ச் சோதனை அட்டை, நாய் கஞ்சாவைத் தின்றிருந்தாலும் இல்லை என்று காட்டிவிடுவதுண்டு. அதை நம்பி உண்மையைக் கறக்கவும் முடியாது. மருத்துவர் கேட்பது பையனுடைய குற்றப்பத்திரிகையை அல்ல. எதை, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதைத்தான். அது தெரிந்துவிட்டால், வெளிச்சமும் சத்தமும் இல்லாத அறையில் கம்பளியால் போர்த்தி, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, ஓரிரு நாள் பார்த்துக்கொள்வதே பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது.