இடுப்பில் ஓர் எதிரி

வீட்டை விட்டுக் கிளம்பும்போது என்னவெல்லாம் எடுத்துக்கொள்கிறோம்? செல்போன், பர்ஸ், வண்டிச் சாவி, மூக்குக்கண்ணாடி. கொஞ்சம் வயசானவர் என்றால் பி.பி. மாத்திரை. அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் இந்தப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறார்கள்... கைத்துப்பாக்கி! அதற்கு 'எவ்ரிடே கேரி' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். தினப்படி சுமை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எந்தத் துப்பாக்கி நல்லது என்று அங்கே நடக்கும் விவாதத்தைக் கேட்டால், நம்மூரில் பைக் வாங்கும்போது மைலேஜ் விசாரிப்பது மாதிரியே இருக்கும். சட்டைக்குள் புடைத்துக்கொண்டு தெரியக் கூடாது. அதே சமயம் குண்டும் நிறையப் பிடிக்க வேண்டும். 1988-ல் வந்த க்ளாக் 19-ல் பதினைந்து குண்டு போடலாம், ஆனால் உடம்பு கொஞ்சம் பருமன். 2015-ல் வந்த க்ளாக் 43 ஒல்லி, ஆனால் ஆறு குண்டுதான். 2018-ல் ஸிக் சாவர் கம்பெனி பி365 என்று ஒன்றை இறக்கியது. அதே ஒல்லி உடம்பு, பத்து குண்டு. அவ்வளவுதான்... ஆறு வைத்திருந்தவருக்கு அது போதவில்லை. பத்துக்கு மாறினார். அதற்கப்புறம் இருட்டில் மினுங்கும் குறிமுள், லேசாகத் தொட்டாலே வேலை செய்யும் விசை, குட்டி டார்ச், இடுப்பில் உறுத்தாத உறை என்று செலவு போய்க்கொண்டே இருக்கிறது.

எனக்கு ஒரு சந்தேகம். ஆறு குண்டு போதாது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆறையும் சுட்டுப் பார்த்து, ஏழாவது இல்லாமல் தவித்தாரா? பயிற்சி மைதானத்தைத் தவிர வேறெங்கும் ஒரு குண்டுகூடச் சுட்டிருக்க மாட்டார். அவர் தெருவில் எதுவும் மாறவில்லை. அவர் மனசுக்குள் இருக்கிற எதிராளிதான் மாறிவிட்டான். முன்பு ஒருத்தனாக வந்தவன், இப்போது மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறான்!

துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் எதிரியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தினமும் துப்பாக்கி சுமப்பது என்றால், தினமும் காலையில் ஓர் எதிரியை நினைத்துக்கொண்டு சட்டை மாட்ட வேண்டும். இதுதான் இதில் உள்ள தர்மசங்கடம்.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தை வெளிப்படையாகவே கேட்கிறது. தர்மபுரியில் ஒருவருக்குத் துப்பாக்கி வேண்டும் என்றால், 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி கலெக்டரிடம் மனு போட வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். எதற்காக வேண்டும், உங்கள் உயிருக்கு என்ன ஆபத்து என்று கேட்பார்கள். அமெரிக்கப் பிரியர்கள் கொண்டாடும் 9 எம்.எம். ரகம் இங்கே சாமானியனுக்குக் கிடையாது. பெரும்பாலும் பாயின்ட் 32 அல்லது பாயின்ட் 22-தான். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம். தேர்தல் வந்தால் அதையும் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். அமெரிக்காவில் நேர் எதிர். 'தக்க காரணம் சொல்' என்று நியூயார்க் மாநிலம் கேட்டதே செல்லாது என்று 2022 ஜூனில் அவர்களின் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

'காரணம் கேட்பது வெள்ளைக்காரன் புத்தி' என்று சிலர் வாதாடுவார்கள். பாதி உண்மை. 1878-ல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு லைசென்ஸ் கேட்டது, ஐரோப்பியனை விட்டுவிட்டது. அந்தக் கோபத்தில்தான் 1931 கராச்சி காங்கிரஸ், ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால், 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் அதையே கேட்டபோது சபை ஏற்கவில்லை. நாடு நம் கைக்கு வந்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரன் இடுப்பிலும் அது இருக்குமே என்ற யோசனை வந்திருக்க வேண்டும்.

பி.காம். படித்த புத்தி, எதையும் வரவு செலவு போட்டுத்தான் பார்க்கும். டெல்லி நிர்பயா கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' ரிவால்வரைக் கொண்டுவந்தது. எடை சுமார் அரைக் கிலோ, விலை 1,22,360 ரூபாய். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற பெண்ணின் கைப்பையில் இது எப்படி வந்து சேரும்? அவளுக்குத் தேவை ஒரு தெருவிளக்கும், நேரத்துக்கு வருகிற பஸ்ஸும். அதைத் தர முடியாதவர்கள் ரிவால்வரைத் தந்தார்கள்.

செலவுப் பக்கத்தில் விலை மட்டும் இல்லை. கலிஃபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களைப் பல வருஷம் கவனித்த ஓர் ஆய்வு 2020-ல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம், இல்லாதவர்களைவிடச் சுமார் எட்டு மடங்கு. பெண்களிடம் சுமார் முப்பத்தைந்து மடங்கு! எப்போதோ வரப்போகிற திருடனுக்காக வாங்கி வைத்தது, மனசு ஒடிந்த ஒரு ராத்திரியில் கை எட்டும் தூரத்தில் இருந்துவிடுகிறது.

தினமும் துப்பாக்கி சுமந்த மனிதர் என்றால் தர்மபுரிக்காரர்களுக்கு உடனே ஞாபகம் வருகிற பெயர் ஒன்றுதான். வீரப்பன். அவரைவிட 'அப்கிரேட்' செய்தவர் யார்? யானை வேட்டைக்கு நாட்டுத் துப்பாக்கியில் தொடங்கி, ஏ.கே.47 வரை வந்தார். 2000-ம் ஆண்டு நடிகர் ராஜ்குமாரைக் கடத்தி, 108 நாள் இரண்டு மாநில அரசுகளை உட்காரவைத்துப் பேசினார். ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். நாட்டுத் துப்பாக்கி காலத்தில் அவரோடு பெரிய கூட்டமே இருந்தது. 2004 அக்டோபர் 18 ராத்திரி பாப்பாரப்பட்டி பக்கம் பாடி கிராமத்தில் விழுந்தபோது, கூட இருந்தவர்கள் மூன்றே பேர். ஆயுதம் உயர உயர, ஆள் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

கண் சிகிச்சைக்காக ஆம்புலன்ஸில் ஏறினார், ஓட்டியவர் மாறுவேடப் போலீஸ்காரர் என்பது போலீஸ் தரப்புக் கணக்கு. அந்த என்கவுன்டர் பற்றி வேறு மாதிரி சொல்கிறவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும், அந்த ராத்திரி அவருக்குத் தேவைப்பட்டது இன்னொரு துப்பாக்கி இல்லை. 'இந்த வண்டியில் ஏறலாமா?' என்று கேட்டால் உண்மையைச் சொல்ல ஓர் ஆள். எத்தனை லட்சம் கொடுத்தாலும் அது கடையில் கிடைக்காது.

'சார், காட்டோரத்தில் குடியிருந்து பாருங்கள், அப்புறம் பேசுங்கள்' என்று பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்கலாம். நியாயம்தான். காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் கடலைக் கொல்லையைக் கிளறிவிட்டுப் போகும். பயிர்க் காவலுக்கு என்றே சட்டத்தில் லைசென்ஸ் உண்டு. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி மலையோர ஊர்களில் போலீஸும் அவ்வப்போது அறிவிக்கும். லைசென்ஸோடு வைத்திருக்கும் விவசாயியின் துப்பாக்கி எனக்கு மண்வெட்டி மாதிரிதான் படுகிறது. அவருக்கு எதிரி யார் என்று தெரியும், வேலை முடிந்தால் அது வீட்டுக்குப் போய்விடும். சந்தைக்கும் டீக்கடைக்கும் அதை இடுப்பில் செருகிக்கொண்டு போக மாட்டார்.

இதைவிடக் கஷ்டமான கேள்வி வாச்சாத்தியில் இருக்கிறது. 1992 ஜூன் 20. அரூர் பக்கத்தில் உள்ள அந்தப் பழங்குடி கிராமத்துக்குள் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத் துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் நுழைந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். பதினெட்டுப் பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். காப்பாற்ற வேண்டிய துப்பாக்கியே எதிரே வந்து நின்றால் என்ன செய்வது? அப்போதாவது நமக்கென்று ஒன்று வேண்டாமா?

இதற்குச் சுலபமான பதில் கிடையாது. என் கணிப்பைச் சொல்கிறேன். அன்று அந்த ஊரில் ஒரு நாட்டுத் துப்பாக்கி வெடித்திருந்தால், மறுநாள் பேப்பரில் 'கடத்தல்காரர்களுடன் மோதல்' என்றுதான் வந்திருக்கும். கதை அதோடு முடிந்திருக்கும். அந்தப் பெண்களிடம் இருந்தது வாக்குமூலம் மட்டும்தான். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் கூட நின்றார்கள். வழக்கு சி.பி.ஐ-க்குப் போனது. 2011 செப்டம்பர் 29-ம் தேதி தர்மபுரி கோர்ட், குற்றம் சாட்டப்பட்ட 269 பேருமே குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிச்சம் 215 பேருக்குத் தண்டனை. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

பத்தொன்பது வருஷம் என்பது அநியாயமான தாமதம். அதை நியாயப்படுத்தவே முடியாது. ஆனால், சீருடை போட்ட 269 பேரை எந்தப் பிஸ்டல் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கும்? ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி மாற்றிச் சொல்லாமல், மிரட்டலுக்கு மசியாமல், சேர்ந்தே நின்றார்களே... அதுதான் ஏற்றியது.

துப்பாக்கி மனுவில் 'யாரால் ஆபத்து?' என்ற கேள்விக்குப் பதில் எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லை. பங்காளி, தொழில் போட்டியாளர், கடன் வாங்கியவர் என்று யோசிக்க யோசிக்கப் பெயர் வந்துகொண்டே இருக்கும். 'ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டால் யார் வருவார்கள்?' என்று அந்தப் படிவத்தில் கேட்பதில்லை. மனு எழுத உட்காருகிறவர் அதற்கும் ஒரு வரி ஒதுக்கி, பெயர்களை எழுதிப் பார்க்கலாம். இரண்டு பெயருக்கு மேல் வரவில்லை என்றால், முதலில் கவனிக்க வேண்டியது எந்தக் கம்பெனி பிஸ்டல் என்பதை அல்ல.