களையெடுப்பும் கொல்லாமையும்

வடகிழக்குப் பருவமழை பெய்யும் கார்த்திகையில், திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர்ப் பகுதிக் கத்தரிப் பாத்திகளில் களையும் புழுவும் ஒருசேரப் பெருகுவதால், அவற்றை அழிக்கும் உழவர் கொல்லாமை அறத்தை மீறுகிறாரா என்னும் வினா எழுகிறது. அதே மாவட்டத்து ஐவர்மலையில் 9ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றிருந்த சமணம், கொல்லும் நோக்கத்தோடு செய்யும் சங்கல்ப ஹிம்சையையும், பிழைப்புத் தொழிலில் தவிர்க்க இயலாது நேரும் உத்யோக ஹிம்சையையும் வேறுபடுத்தி, இல்லறத்தாருக்கு முன்னதை விலக்கியது. பின்னதை இயன்றவரை குறைக்கச் சொன்னது. உழவை மக்களுக்குக் கற்பித்தவர் முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதரே என்று அம்மரபு போற்றுவதும் இங்கு எண்ணத்தக்கது. ஆயினும், புழுவைக் கொல்லவென்றே தெளிக்கும் நஞ்சு இவ்விரண்டில் எதில் அடங்கும் என்பது எளிதில் தீராத சிக்கல். காய்த்துளைப்பான் தாக்கி வாடிய நுனிகளைக் கிள்ளி அகற்றியும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்தும் கொலையைக் குறைக்க வழியிருக்கையில், ஓயாமல் நஞ்சடிப்பதைத் தொழிலின் கட்டாயம் என்பது பொருந்தாது.