மூடிய கடையின் நட்டம் யார் கணக்கில்?

ஊர் நலனுக்காக ஒரு கடையை அரசு மூடச் சொன்னால், அந்த நாட்களின் நட்டம் யாரைச் சேரும்? பொருளாதாரக் கேள்வி போலத் தெரிந்தாலும் இது அடிப்படையில் அறக்கேள்வி. 2020 மார்ச் 25 அன்று இந்தியா முழுவதும் பொதுமுடக்கம் தொடங்கியபோது வியாபாரம் நின்றது, செலவு நிற்கவில்லை. இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் கடை வாடகை, வங்கித் தவணை, மின்சார நிலைக்கட்டணம், ஆட்களின் சம்பளம் எல்லாம் ஏறிக்கொண்டே இருந்தன. ஜவுளிக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் கை கொடுக்கும் சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் கைவிட்டுப் போயின. போன முகூர்த்தத்தை ஆடித் தள்ளுபடியில் மீட்க முடியாது. ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி முந்தைய ஆண்டைவிட 23.9 சதவீதம் சுருங்கியதாக முதல் மதிப்பீடு சொன்னது.

அந்த ஆகஸ்டில், ஜிஎஸ்டி வருவாய்ப் பற்றாக்குறையைப் பற்றிப் பேசிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், கொரோனாவைக் கடவுளின் செயல் என்றார். சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு எடை உண்டு: கடவுளின் செயலுக்கு மனிதர் யாரும் பொறுப்பில்லை, ஆகவே நட்டம் விழுந்த இடத்திலேயே கிடக்கும். ஆனால் கிருமி கடையைப் பூட்டவில்லை, அரசாணைதான் பூட்டியது. இயற்கையும் அரசும் சேர்ந்து கொண்டுவந்த இழப்பை எப்படிப் பங்கிடுவது என்று மத நூல்கள் நெடுங்காலமாக யோசித்திருக்கின்றன.

யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னா, கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்டது. அதன் பாபா மெட்சியா பகுதியில் ஒரு குத்தகை வழக்கு வருகிறது. குத்தகைக்கு எடுத்த வயலை வெட்டுக்கிளி தின்றுவிட்டால் குத்தகையைக் குறைக்கலாமா? நிலத்துக்காரனையோ பயிரிட்டவனையோ விசாரிப்பதற்கு முன் அந்தச் சட்டம் ஊரை விசாரிக்கிறது. அந்த வட்டாரம் முழுவதும் அடிபட்டிருந்தால் குத்தகை குறையும். இந்த ஒரு வயல் மட்டும் அழிந்திருந்தால் குறையாது. வட்டாரம் என்றால் எவ்வளவு என்று மிஷ்னாவுக்கு விளக்கமாகப் பின்வந்த தால்முத் நூலின் அறிஞர்கள் வாதிட்டார்கள். சமவெளியின் பெரும்பகுதி அழிந்திருக்க வேண்டும் என்றார் ஒருவர். நான்கு பக்கத்து வயல்களும் அழிந்திருந்தால் போதும் என்றார் இன்னொருவர். குத்தகையைப் பணமாகப் பேசியிருந்தால் எந்த நிலையிலும் குறைப்பே இல்லை என்ற மாற்றுக் கருத்தும் அங்கேயே பதிவாகியிருக்கிறது. வாரத்துக்கு உழுபவனின் நட்டம் விளைச்சலோடு தானே பங்காகிவிடும், குத்தகைக்கு உழுபவனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதை அறிந்த தமிழ் விவசாயிக்கு இந்தத் தகராறு புதிதல்ல.

இதன் பின்னிருக்கும் எண்ணம் ஆழமானது. ஒருவனுக்கு மட்டும் வந்த கெடுதியை அவனுடைய நேரம் என்று சொல்லிவிடலாம். ஊருக்கே வந்ததை அப்படித் தள்ள முடியாது. அதை ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் ஏற்றவும் கூடாது. 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் மோசஸ் இஸ்ஸெர்லெஸ் இதை அரசாணைக்கும் நீட்டினார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லக் கூடாது என்று ஆட்சியாளர் தடை போட்டால் அதுவும் வட்டாரக் கெடுதிதான், ஆசிரியரின் கூலி இழப்பு அவரை அமர்த்தியவரைச் சேரும் என்பது தீர்ப்பு. வெட்டுக்கிளியும் அரசனும் ஒரே கணக்கில் வந்துவிட்டார்கள்.

இஸ்லாமியச் சட்டத்திலும் இந்த எண்ணம் உண்டு. மரத்திலிருந்தபடியே விற்ற கனி பேரிடரில் அழிந்தால் விலையைத் தள்ளிவிட வேண்டும் என்ற நபிமொழியை வைத்து, இழப்பு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருந்தால் தள்ளுபடி கட்டாயம் என்றனர் மாலிகி சட்டப் பிரிவினர். ஷாஃபி பிரிவினரில் பெரும்பாலோர் அதைக் கடமையாகக் கொள்ளாமல் நற்செயலாகவே கொண்டனர். கடமையா கருணையா என்ற அந்தப் பிளவு 2020இலும் அப்படியே இருந்தது.

இந்தியாவில் நடந்தது பெரும்பாலும் கருணையின் பக்கம். உள்துறை அமைச்சகம் மார்ச் 29 அன்று முழுச் சம்பளம் கொடுக்கச் சொன்னது. அதாவது முடங்கிய தொழிலையே நட்டத்தைச் சுமக்கச் சொன்னது. மே மாதம் அந்த ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. வாடகை விஷயத்தில், குத்தகைச் சொத்து நிரந்தரமாகப் பயன்படாமல் போனால்தான் சொத்து மாற்றுச் சட்டம் உதவும். சில மாதப் பூட்டு அதில் அடங்காது என்று கான் மார்க்கெட் கடை ஒன்றின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் 31 வரை தவணையை ஒத்திவைக்க அனுமதித்தது, ஆனால் வட்டி ஓடியது. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வட்டிக்கு வட்டியை எல்லோருக்கும் நீக்கியது. வட்டியைத் தள்ள மறுத்தது. வங்கிக்குப் பின்னால் வைப்புத்தொகை போட்டவர்கள் இருக்கிறார்கள் என்ற வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனாலும் அரசின் பெரிய உதவிகள் அவசரக் கால உத்தரவாதக் கடன், தெருவோர வியாபாரிக்கு 10,000 ரூபாய்க் கடன் என்று கடனாகவே வந்தன. ஊருக்காகக் கடையை மூடியவர், மூடிய செலவையும் கடன் வாங்கியே கட்டினார்.

அந்தச் செலவை அரசும் பகிர வேண்டும் என்பதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஆணை இல்லாவிட்டாலும் கூட்டம் வந்திருக்காது என்பது அது. அமெரிக்காவில் பொருளாதார அறிஞர்கள் கூல்ஸ்பீயும் சைவர்சனும் செய்த ஆய்வில், கடைகளுக்குச் செல்வோர் எண்ணிக்கை 60 சதவீதப் புள்ளி சரிந்தது. அதில் 7 புள்ளிக்கு மட்டுமே ஆணைகள் காரணம், மற்றது அச்சத்தின் வேலை. இதை வைத்து அரசுக்குப் பொறுப்பில்லை எனலாம். பழைய நூல்கள் இங்கே அசைந்து கொடுக்காது, ஏனென்றால் அவை குற்றவாளியைத் தேடவில்லை, கெடுதியின் பரப்பையே பார்த்தன. அச்சமும் ஊர் முழுதும் பரவியதுதானே!

டென்மார்க் விற்பனைச் சரிவையும் ஆணையால் வந்த மூடலையும் பிரித்துப் பார்த்தது. விற்பனை பெரிதும் சரிந்த நிறுவனங்களுக்கு நிலையான செலவில் ஒரு பங்கையும், ஆணையால் மூடப்பட்டவற்றுக்கு 100 சதவீதம் வரையும் அரசு கொடுத்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில உச்ச நீதிமன்றமோ 2020 ஏப்ரலில், தற்காலிக மூடல் சொத்தைப் பறிப்பதாகாது, இழப்பீடு கிடையாது என்றது.

நட்டம் பொது என்றால் லாபம் என்ன ஆகும் என்பது மிச்சமிருக்கும் கேள்வி. ரோமானியச் சட்ட அறிஞர் உல்பியன் அதையும் தொட்டிருக்கிறார்: மோசமான ஆண்டில் தள்ளிய குத்தகையை, அடுத்த ஆண்டுகளில் விளைச்சல் கொழித்தால் நிலத்துக்காரன் திரும்பக் கேட்கலாம். பொதுமுடக்கத்தில் மளிகைப் பேரங்காடிகளும் இணைய வணிகமும் கொழித்தன. பிரிட்டனில் கடைகளுக்குத் தரப்பட்ட சொத்துவரிச் சலுகை, திறந்தே இருந்த மளிகைப் பேரங்காடிகளுக்கும் சேர்ந்தே கிடைத்தது. 2020 டிசம்பரில் அத்தகைய பேரங்காடி நிறுவனமான டெஸ்கோ 58.5 கோடி பவுண்டைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. போட்டி நிறுவனங்கள் பல பின்தொடர்ந்தன. சட்டம் எதுவும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.