வீண் எனப்படும் நீர்

மழைக்காலத்தில் ஆறுகள் பெருகியோடும்பொழுது, "இத்தனை நீரும் வீணே கடலில் கலக்கின்றதே!" என்று வருந்துவது நம் வழக்கம். அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆயினும், கடலைச் சேரும் நீர் வீண்தானா? இவ்வினாவை ஒரு கடலின் வரலாற்றைக் கொண்டு சிந்திப்போமாக.

கசகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் இடையே, நாற்புறமும் நிலம் சூழ அமைந்தது ஏரல் கடல். 1960ஆம் ஆண்டில் அதன் பரப்பு ஏறத்தாழ 67,000 சதுர கிலோமீட்டர். பழைய பள்ளி நிலப்படங்களில் அதனை அகன்ற நீலப் பரப்பாகக் காணலாம். அமு தாரியா, சிர் தாரியா என்னும் இரு ஆறுகளே அதன் உயிர்நாடி. ஆண்டுக்கு 40,000 டன்னுக்கு மேல் மீன் கிடைத்தது. கழிமுகத்து நாணற்காடுகளில் நீர்ப்பறவைகள் கூடு கட்டின. கடற்பரப்போ கோடையின் வெம்மையையும் குளிரின் கடுமையையும் தணித்து நின்றது.

சோவியத் ஆட்சியினர் அவ்வாறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பினர். கடல் சுருங்கும் என்பதை அவர்கள் அறியாதவர் அல்லர். வெயிலில் ஆவியாகும் நீரைவிடப் பருத்தியே பயனுடையது எனக் கணக்கிட்டனர். பருத்தி விளைந்தது, அதனால் பலர் பிழைத்தனர் என்பதும் உண்மையே. ஆனால் அக்கணக்கில் மீனுக்கும் பறவைக்கும் மீனவர்க்கும் இடமில்லை. உப்பு மிகுந்து மீன்கள் மடிந்தன. 1980களின் தொடக்கத்தில் மீன்பிடித் தொழில் அற்றுப்போயிற்று. மொய்நாக் துறைமுகத்துக் கப்பல்கள் மணலில் கிடந்து துருவேறின. வறண்ட கடற்படுகையினின்று எழுந்த காற்று, உப்பையும் பூச்சிமருந்தின் எச்சத்தையும் ஊர்கள்மேல் தூவியது. அப்பருத்தி வயல்களையும் அது விட்டுவைக்கவில்லை. 2014இல் கடலின் கிழக்குப் பகுதி முற்றும் வறண்டது.

2005இல் கசகஸ்தான், உலக வங்கியின் உதவியுடன், வடபகுதியைக் காக்க ஓர் அணையைக் கட்டி முடித்தது. அங்கு நீர் உயர்ந்தது, உப்புக் குறைந்தது, மீன்களும் அவற்றை நம்பிய மீனவரும் மீண்டனர். எனினும் தெற்கே செல்லும் நீர் குறைந்தது. ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கைவிட நேர்ந்தது. காலங்கடந்து செய்யும் பரிகாரம் இத்தகையதே.

பயிருக்கு நீர் பாய்ச்சுவது குற்றமன்று. வாயற்ற உயிர்களின் பங்கிற்கு "வீண்" என்று பெயரிட்டு, அதனை முழுதும் எடுத்துக்கொள்வதே குற்றம். பிறர் பொருளைக் கவர்ந்தோம் என்று உணர்பவன் ஒருநாள் திருந்தக்கூடும். வீணாவதைத்தானே எடுத்தேன் என்பவனுக்குத் திருந்துதற்குக் காரணமே தோன்றாது.

கொள்ளிடத்து நன்னீரை எதிர்நோக்கிப் பிச்சாவரத்து அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. அடுத்த மழைக்காலத்தில் அச்சொல் நம் நாவில் எழும்பொழுது, அந்நீருக்காகக் காத்திருப்பவர் யார் யார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக.