குப்பாயமும் தோள்சீலையும்

கஷ்டமான வாடிக்கைக்காரர்களைச் சமாளிப்பது எப்படி என்று வங்கி ஊழியர்களுக்கு வகுப்பெடுக்கிறார்கள். எதிராளி பேசி முடிக்கும்வரை கேள், குரலைத் தாழ்த்து, அவர் நிலையில் உன்னை வைத்துப் பார். கவுன்டருக்கு முன் நிற்கும் பென்ஷன்காரரின் கோபத்துக்கு இது போதும். ஆனால் இந்தப் பாடத்துக்கு அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது: சண்டை என்பது புரியாமையின் விளைவு, புரிந்துவிட்டால் தீர்ந்துவிடும். வகுப்பறையோடு இது நிற்பதில்லை. நம் இலக்கியக் கூட்டத்தில் ஐந்து பேர் ஆறு கட்சியாகப் பிரிந்தாலும், பரஸ்பரம் புரிதல் இல்லை என்றுதான் யாராவது பெருமூச்சு விடுகிறார்கள்.

தோள்சீலைக் கலகம் நடந்த மண்ணில் பிறந்தவனுக்கு இந்த நம்பிக்கை ஒட்டுவதில்லை.

தென் திருவிதாங்கூரில், அன்று சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் பெண்கள், மேல்ஜாதியார் முன் மார்பை மறைக்கக் கூடாது. ஜான் மன்றோ ரெஸிடென்டாக இருந்தபோது, கிறிஸ்தவர்களான பெண்களுக்குக் குப்பாயம் அணிய அனுமதி கிடைத்தது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளைப் பெண்களும் போடுவதைப் போன்ற சட்டை. பிரச்னை உடம்பைப் பற்றியதென்றால் விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சட்டைக்கு மேல், நாயர் பெண்களைப் போலத் தோளில் ஒரு சீலையையும் போட்டுக்கொண்டார்கள். 1820-களில் கல்குளம், இரணியல் பக்கங்களில் அந்தச் சீலை கிழிக்கப்பட்டது. குப்பாயம் சரி, சீலை கூடாது என்றது 1829-ன் அரச பிரகடனம்.

இங்கே யாருக்கு எது புரியவில்லை? மிஷனரிகள் சீலையில் நாணத்தைப் படித்தார்கள். அரசாங்கம் வழக்க மீறலைப் படித்தது. எழுத்துப் பிசகாமல் படித்தவன் கிழித்தவன்தான். 'நான் உனக்குச் சமம்' என்று சீலை சொன்னது அவனுக்கு நன்றாகக் கேட்டது. அதனால்தான் கை நீண்டது. ஏதோ புது மோஸ்தர் என்று தவறாக எண்ணியிருந்தால் அவன் தன் வழியே போயிருப்பான். இதைவிடத் தெளிவாகப் பேசும்படி அந்தப் பெண்களுக்கு எந்த நிபுணர் யோசனை சொல்ல முடியும்?

1858-ன் இறுதியில் மறுபடியும் கலகம், தீவைப்பு. சென்னை கவர்னர் சார்ல்ஸ் டிரெவெலியன் நெருக்கியதில், திவான் மாதவராவ் காலத்தில், 1859 ஜூலை 26-ல் வேறொரு பிரகடனம் வந்தது. குப்பாயம் போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி சுற்றலாம், வேறெப்படியும் மறைத்துக்கொள்ளலாம், மேல்ஜாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. எவ்வளவு பக்குவமான வாசகம்! இரு தரப்பையும் அனுதாபத்தோடு கேட்டவர் எழுதியதுதான். கேட்காததையெல்லாம் தாராளமாகக் கொடுத்து, கேட்டதை மட்டும் நிறுத்திக்கொண்டது.

பேச்சே வீண் என்பதல்ல என் கட்சி. புரளியில் மூளும் பகையைப் பேசித்தான் அணைக்க முடியும். 1982-ல் மண்டைக்காட்டுக் கலவரத்துக்குப் பின் குன்றக்குடி அடிகளார் இரு தரப்பாரிடமும் பேசியது அந்த வகைக் காரியம். என் சந்தேகமெல்லாம் 'கஷ்டமான ஆள்' என்ற பெயர்மேல்தான். அதைச் சூட்டும் அதிகாரம் பேச்சு தொடங்குமுன்பே ஒரு பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. 1829-ல் கிழித்தவன் வழக்கத்தைக் காப்பவன். கஷ்டமான ஆள் சீலை போட்டவள். அதனால் சமாதானம் பேச வந்தவர்கள் அவளிடம்தான் வந்தார்கள், குப்பாயம் போதாதா என்று கேட்டுக்கொண்டு.